காலை எட்டு மணிக்குத் திறக்கும் திரை

லான்ஸ்-ஓ-ப்ரூம், கஸ்பேசி
செப்டம்பர் 12

அன்புள்ள ரெமி,

நீயும் உன் வீட்டில் இருப்பவரும் சுகமென்று நம்புகிறேன். எனக்குக் காற்று மாறும்போது மணிக்கட்டு வலிக்கிறது. மற்றபடி குறையில்லை.

முதலில் ஒரு திருத்தம். நீ அனுப்பிவைத்த அந்த வீடியோ பெட்டியின் திரையில் ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது, உன் முகத்தைப் பார்க்க மறுத்து நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன் என்று அன்று பக்கத்தில் இருந்த எதிர்வீட்டு ஜில்பெர்த் கோயில் வாசலிலும் மளிகைக் கடையிலும் சொல்லி வருகிறாள். நீயும் மாலையில் தொலைபேசியில், "என்மேல அப்படி என்னம்மா கோபம்?" என்று கேட்டாய். கோபம் இல்லை. உன்னை நன்றாகவே பார்த்தேன். நீலச் சட்டை, பின்னால் ஒரு உயரமான செடி. முகம் இளைத்திருந்தது. பார்க்காதவளால் இதைச் சொல்ல முடியுமா? நாற்காலி கோணலாகக் கிடந்தது, அவ்வளவுதான்.

உன் நிபந்தனை நினைவில் இருக்கிறது. நவம்பர் முதல் தேதி வரும் சகல புனிதர் திருநாள் தொடங்கித் தினமும் காலை எட்டு மணிக்கு நான் இந்தத் திரையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ரிமூஸ்கியில் அந்த முதியோர் இல்லத்தின் அறைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, உன் அப்பா கட்டிய வீட்டை விற்றுவிடுவாய். எனக்கு இதில் வாதம் இல்லை. ஐம்பத்தெட்டு வருடம் இருந்த வீட்டில் இன்னும் இருக்க வேண்டுமென்றால் நான் தெரிந்தாக வேண்டும். தெரிவேன்.

ஆனால் செவ்வாய்க்கிழமை அடித்த காற்றில் மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டு, முதலிலிருந்து கேட்கிறது. பொருத்திக் கொடுத்த ஊர்ப் பையன், தான் வேலை பார்க்கும் கப்பலுக்குத் திரும்பிவிட்டான். என்ன செய்ய வேண்டும் என்பதை நீயே கையால் எழுதி அனுப்பு. கறுப்பு மையில், பெரிய எழுத்தில். உன் நீல மை தண்ணீர் விட்ட பால்போல இருக்கிறது. போன கடிதத்தில் மூன்று பிழைகள். திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் நலம் விரும்பும் தாய்,
பெர்னாந்த் அர்சனோ


கல்கரி, செப்டம்பர் 27

அன்புள்ள அம்மா,

கறுப்பு மை, பெரிய எழுத்து. போதுமா? மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நீங்கள் திருத்தி அனுப்பிய தாளை ஷானா குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். "நாப்பத்தொன்பது வயசுலயும் உனக்கு ஹோம்வொர்க்கா?" என்று சிரிக்கிறாள்.

பெட்டியைச் சொருகி, திரை வெளிச்சமானதும் வீட்டு வைஃபையின் பெயரைத் தொடுங்கள். கடவுச்சொல் வேண்டுமென்று கேட்கும். அது ஜன்னலோரம் இருக்கும் இன்னொரு கறுப்புப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிறது. அதன்பின் திரையில் ஆறு இலக்கம் வரும். ஒரு நிமிடம்தான் இருக்கும். அதற்குள் எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், நான் இங்கே அடித்துவிடுகிறேன். அவ்வளவுதான்.

இதையெல்லாம் தொல்லை கொடுக்கச் செய்யவில்லை அம்மா. போன பிப்ரவரியில் நிலவறைப் படியில் பதினான்கு மணி நேரம் கிடந்தீர்கள். மறுநாள் நான் அழைத்தபோது, "நல்லா இருக்கேன், சூப் கொதிக்குது" என்று வைத்துவிட்டீர்கள். கை உடைந்திருந்தது. ஆகவே கேட்பது போதாது, பார்க்க வேண்டும். நீங்களும் என்னைப் பார்க்க வேண்டும். சில விஷயங்கள் எனக்கு எழுத வராது. முகம் பார்த்தால் வரும்.

வேலையில் சில மாதம் விடுப்பு எடுத்திருக்கிறேன். எந்த நேரமும் அழைக்கலாம்.

அன்புடன்,
ரெமி


லான்ஸ்-ஓ-ப்ரூம், அக்டோபர் 14

அன்புள்ள ரெமி,

உன் கடிதம் வந்தது. விடுப்பு எடுக்கும் அளவுக்குச் சேமிப்பு நாட்கள் இருப்பது நல்லது. ஓய்வெடு. நான் சுகம்.

பெட்டியோடு மூன்று நாள் போராடினேன். அதற்கு மரியாதை தெரியவில்லை. கடவுச்சொல் கேட்டுவிட்டு, ஒரு மனுஷி மூக்குக் கண்ணாடி எடுத்துப் போடுவதற்குள் திரையை இருட்டாக்கிவிடுகிறது. கடவுச்சொல்லை அச்சடித்தவன் எறும்புக்கு அச்சடித்திருக்கிறான். பதினெட்டு எழுத்து, அதில் பெரியதும் சிறியதும் காரணமில்லாமல் கலந்து கிடக்கின்றன. கன்னியர் மடத்தில் எங்களுக்குப் பாடம் சொன்ன மதர் கிளோதில்த் இப்படி எழுதியவளை முழங்காலில் நிறுத்தியிருப்பார்.

பதினொரு முறை அடித்தேன். பதினொரு முறையும் தவறு என்றது. குறை பெட்டியுடையது. திருநாளுக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் சரியாகும்.

உன் தாய்,
பெர்னாந்த் அர்சனோ


அக்டோபர் 15, எதிர்வீட்டுக்கு

ஜில்பெர்த்,

நாற்பது அடி தூரத்துக்குக் கடிதமா என்று சிரிப்பாய். நேரில் சொன்னால் குறுக்கே பேசுவாய், ஆகவே எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நேற்று அந்தக் கடவுச்சொல்லை நான் படிக்கும்போது நீ கத்தியதை உன் கோழிகளும் கேட்டிருக்கும். "அது எட்டு, பெர்னாந்த். மூணு இல்ல, எட்டு. ரெண்டு வட்டம் குண்டா நிக்குதே, தெரியலையா?" என்று. தெரியவில்லை. இப்போது எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஜூனில் ரிமூஸ்கி மருத்துவர் சொன்னது இதுதான்: இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி போய்விட்டது, ஓரம் இருக்கும், வைத்தியம் இல்லை. எதை நேராகப் பார்க்கிறேனோ அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறத் தட்டு. முகத்தைத் திருப்பினால் ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது. அன்று திரையில் ரெமியைப் பார்ப்பதற்காகத்தான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். அதைத்தான் நீ ஊர் முழுக்கக் கோபம் என்று சொன்னாய்.

இது ரெமிக்குத் தெரிந்தால், முதல் பனி விழுவதற்குள் வீடு விற்கப்படும். நீ மூன்று விஷயம் செய்ய வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை நீ அடித்துக் கொடு. திருநாள் அன்று காலை திரையில் தெரியாமல் பக்கத்தில் உட்கார். மூன்றாவது கடினம், வாயைத் திறக்காதே.

பெர்னாந்த்


அதே நாள், மத்தியானம்

பெர்னாந்த்,

முழங்கால் உன்னைவிடப் பிடிவாதமா இருக்கு. ஜூன்லேருந்து என்கிட்டக்கூட சொல்லாம இருந்திருக்கே. போன மாசம் என் பேரன் கல்யாண போட்டோவைக் காட்டினப்போ, பொண்ணு அழகா இருக்கான்னு சொன்னியே, தலைகீழாப் பிடிச்சிருந்தேடி. குசும்புன்னு நெனச்சேன்.

சாயங்காலம் வந்து அடிச்சுத் தர்றேன். இன்னொண்ணு செய்யலாம். திரைக்கு மேல கேமரா கண்ணாடி பொட்டு மாதிரி இருக்குல்ல, அதுக்கு ஒட்டினாப்ல என் வீட்டுக்காரர் நொர்மானோட கோட்டுப் பொத்தான் ஒண்ணைப் பசை போட்டு ஒட்டிடுறேன். விரலால தடவிப் பாத்து, மூக்கை அதுக்கு நேரா வை. அவனுக்கு நீ நேரா பாக்குற மாதிரியே இருக்கும்.

ஆனா யோசிச்சுக்கோ. நேரா பாத்தா அவனுக்கு நீ தெரிவே, உனக்கு அவன் தெரிய மாட்டான். பெத்த பிள்ளை மூஞ்சிய வித்து வீட்டை வாங்குற. இது என்ன பேரமோ.

வாயை மூடிக்கிறேன்.

ஜில்பெர்த்


கல்கரி, அக்டோபர் 22

அன்புள்ள அம்மா,

நலம்தானே? நீங்கள் தொலைபேசியில் சொன்னபடி ஜில்பெர்த் அத்தை கடவுச்சொல்லைச் சரியாக அடித்துவிட்டார் போலிருக்கிறது, உங்கள் பெட்டி இங்கிருந்து தெரிகிறது. இலக்கத் தொல்லை இனி வேண்டாம். நீங்கள் எதையும் தொடாமல் எட்டு மணிக்குத் தானே திறக்கும்படி செய்துவிட்டேன். இங்கே அப்போது ஆறு மணி. எப்படியும் விழித்திருப்பேன்.

தட்டாமல் நுழைவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். மன்னியுங்கள்.

ரெமி


லான்ஸ்-ஓ-ப்ரூம், நவம்பர் 5

அன்புள்ள ரெமி,

நான் சுகம். இங்கே முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது.

தட்டாமல் திறக்கும் பெட்டியைப் பற்றி என் கருத்து எழுத்தில் இருக்கட்டும். மடத்தில் எட்டு வருடம் படித்தேன். மதர் கிளோதில்த் எங்கள் கனவுகளைக்கூடத் திருத்துவார், ஆனால் கதவைத் தட்டாமல் ஒரு நாள் நுழைந்ததில்லை. ஆகவே ஏழரை மணிக்கே உடை மாற்றி, கொண்டை போட்டு, உட்கார்ந்துவிடுகிறேன்.

ஐந்து நாளும் தவறாமல் தெரிந்தேன். "இன்னைக்கு நேரா பாக்குறீங்கம்மா" என்று நீயே சொன்னாய். நாற்காலியை நிமிர்த்தினேன் என்று அப்போதே சொல்லியிருந்தேன். நேற்று நீ முதலில் காற்றைப் பற்றிக் கேட்டாய். பிறகு, "எப்படி இருக்கேன்?" என்று கேட்டாய். நன்றாக இருக்கிறாய் என்றேன். அதையே இங்கும் எழுதுகிறேன். நன்றாக இருக்கிறாய்.

முதியோர் இல்லத்துக்கு அறை வேண்டாம் என்று எழுதிவிட்டாயா? பதிலில் தெரியப்படுத்து.

உன் தாய்,
பெர்னாந்த் அர்சனோ


கல்கரி, டிசம்பர் 9

அன்புள்ள அம்மா,

பதில் எழுத ஒரு மாதமாகிவிட்டது. எழுத்து கோணலாக இருப்பது தெரிகிறது, திருத்தாதீர்கள். அறை வேண்டாம் என்று நவம்பரிலேயே சொல்லிவிட்டேன். வீடு உங்களுடையது.

ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஐந்து வாரமாகத் தினமும் என்னைப் பார்க்கிறீர்கள். பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாளே கேட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன். நானாகச் சொல்லும்வரை காத்திருக்கிறீர்கள் என்று இப்போது புரிகிறது. "உங்க அம்மா நெஜமாவே பெரிய மனுஷி" என்று ஷானா சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. புத்தாண்டு காலையில் அப்பாவிடம் மண்டியிட்டு ஆசீர்வாதம் கேட்போமே, அதை இந்த வருடம் திரையில் உங்களிடம் கேட்கலாமா? அன்று எல்லாவற்றையும் சொல்கிறேன்.

ரெமி


லான்ஸ்-ஓ-ப்ரூம், டிசம்பர் 18

அன்புள்ள ரெமி,

உடம்பைப் பார்த்துக்கொள். கல்கரியில் குளிர் அதிகம் என்று வானொலி சொல்கிறது.

தாய்க்குக் கண் உண்டு. கேட்க வேண்டியதைக் கேட்பேன், கேட்கக் கூடாததை விடுவேன். நீ யாருடன் எப்படி வாழ்கிறாய், எதை மாற்றிக்கொண்டாய் என்பது உன் வீட்டு விஷயம். நீ சொல்லும் நாளில் கேட்டுக்கொள்வேன்.

ஆசீர்வாதம் தருகிறேன். திரையில் தருவது முறையா என்று தெரியாது. ஆனால் உன் அப்பா இருந்தால் தந்திருப்பார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வா.

உன் தாய்,
பெர்னாந்த் அர்சனோ


கல்கரி, ஜனவரி 7

அன்புள்ள அம்மா,

புத்தாண்டுக்குப் பிறகும் தினமும் எட்டு மணிக்கு வந்து பனியைப் பற்றியே பேசுகிறோம். இதை நேரில் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதவே வராது என்றவன் எழுதுகிறேன்.

அன்று காலை மண்டியிட்டேன். ஷானா என் தோளைப் பிடித்திருந்தாள், தனியாக மண்டியிட முடியாது. அக்டோபரிலிருந்து தலையில் ஒரு கம்பளித் தொப்பி இருக்கிறது. அதைக் கழற்றினேன். "அம்மா, ஆசீர்வாதம் குடுங்க" என்று தலையைக் குனிந்து திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். இனி நானாக வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைத்தேன். நீங்கள் கையை உயர்த்திச் சிலுவை வரைந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"முடிய வெட்டிக்கோ, ரெமி. கழுத்துல வந்து இறங்குது. உங்கப்பா முன்னாடி இந்தக் கோலத்துல மண்டி போட்டிருப்பியா?"

அம்மா, என் தலையில் ஒரு முடி இல்லை. மருந்தில் எல்லாம் போய்விட்டது.

அப்போது ஷானா அழுதாள். "யாரு மூக்கை உறிஞ்சுறது? சளியா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன்.

பிறகு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜையில் தொப்பியோடு உட்கார்ந்ததற்கு அப்பாவையே எழுப்பி அனுப்பியவர் நீங்கள். இரண்டு மாதம் நான் வீட்டுக்குள் தொப்பியோடு உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு சொல் இல்லை. என்மேல் வைத்த கருணை என்று நினைத்தேன். எப்போதிலிருந்து தெரியவில்லை அம்மா?

எனக்குக் கணையத்தில் புற்றுநோய். செப்டம்பரில் சொன்னார்கள். தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. பெட்டியை அனுப்பும்போதே உடம்பு சரியில்லை என்று சந்தேகம் இருந்தது. நீங்கள் என்னைப் பார்த்தால், சொல்வதற்குப் பாதி வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். வசந்தம் வரை என்று மருத்துவர் சொல்கிறார். அவர் கொஞ்சம் தாராளமான ஆள்.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். விற்க எனக்குத் தெம்பு இல்லை.

ரெமி


லான்ஸ்-ஓ-ப்ரூம், ஜனவரி 20

என் ரெமி,

இன்று காலைவரை நீ எதுவும் சொல்லவில்லை. கடிதம் பகல் தபாலில் வந்தது. பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். சூப்பை இறக்கி வைத்துவிட்டு ஆரம்பித்தது, முடிக்கும்போது விளக்கு போட வேண்டியிருந்தது. ஜில்பெர்த்தைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கலாம். அவள் குரலில் கேட்க மனம் வரவில்லை.

ஜூனிலிருந்து தெரியவில்லை. நேராகப் பார்த்தால் எதுவும் இல்லை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உண்டு. செப்டம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்கத்தான் முகத்தைத் திருப்பினேன். நீ வருந்தினாய், ஊர் பேசியது, வீடு போய்விடும் என்று பயந்தேன். அதன்பின் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டிய ஒரு பொத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

எண்பது காலை நீ என் எதிரில் இருந்தாய். நான் இந்தச் சுவர்களுக்காக உன்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். முடியைப் பற்றிச் சொன்னது, பார்வை இருக்கிறது என்று காட்டிக்கொள்ள. உனக்கு எப்போதும் முடி கழுத்துவரை இருக்கும், ஆகவே துணிந்து சொன்னேன். "தாய்க்குக் கண் உண்டு" என்று எழுதியதும் நான்தான். மடத்தில் பொய்க்கு ஒரு தண்டனை உண்டு. இதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டை விற்கச் சொல்லி நோட்டரிக்கு இன்றே எழுதிவிட்டேன். என்னால் தனியாக ரயிலிலோ விமானத்திலோ வர முடியாது. ஆனால் ஜில்பெர்த், "நான் கூட்டிட்டுப் போறேன், முழங்கால் கெடக்குது" என்கிறாள். பார்க்க முடியாவிட்டாலும் உன் தலையைத் தொட முடியும்.

பொத்தானைப் பிய்த்து எடுத்துவிட்டேன். நாளை காலை எட்டு மணிக்கு நான் உன்னைப் பார்க்க முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கோபம் என்று நினைக்காதே.

அம்மா


லான்ஸ்-ஓ-ப்ரூம், ஜனவரி 31

அன்புள்ள ஷானா,

நீங்கள் நலமா என்று கேட்காமல் இதுவரை எத்தனையோ கடிதங்களை முடித்திருக்கிறேன். இப்போது கேட்கிறேன். மடத்தில் கற்ற ஆங்கிலத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தோராம் தேதியிலிருந்து திரை திறக்கவில்லை. இன்றோடு பதினொரு காலை. ஏழரை மணிக்கு உட்கார்ந்து, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, பத்து மணிவரை காத்திருக்கிறேன். ஜில்பெர்த் தினமும் வந்து பார்க்கிறாள். கம்பி சொருகியிருக்கிறது, வைஃபை இருக்கிறது, பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்கிறாள். "அந்தப் பக்கம் யாரும் தொடல, பெர்னாந்த்" என்று நேற்று மெல்லச் சொன்னாள். அவள் மெல்லப் பேசி நான் கேட்டதில்லை.

உங்கள் தொலைபேசியில் பதிவுக் குரல் வருகிறது. ஆறு முறை பேசி வைத்தேன். முன்பு நீங்கள் என்னை அழைத்தபோதெல்லாம், ரெமியைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லி உங்களோடு பேச மறுத்திருக்கிறேன். ஆகவே நீங்கள் அழைக்காததில் குற்றம் சொல்ல எனக்கு இடமில்லை.

அவன் மருத்துவமனையில் இருக்கிறானா, வீட்டில் இருக்கிறானா, அல்லது எப்படி என்று எனக்குத் தெரிய வேண்டும். என் இருபதாம் தேதிக் கடிதம் அவனுக்குப் படித்துக் காட்டப்பட்டதா என்றும் தெரிய வேண்டும். எதுவானாலும் மென்மையாக்காமல் எழுதுங்கள்.

தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

பெர்னாந்த் அர்சனோ